சிவப்பு டேக் கட்டிய கார்

பாகலூர் சாலையில் ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் முடிந்து, கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்கள் தொடங்கும் இடத்தில் நூர்ஜஹான் காரை நிறுத்தச் சொன்னாள். நான் ஓரங்கட்டுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். ஓடிப்போய் ஒரு புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் அங்கேயே கொட்டினாள்.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது, இப்போதெல்லாம் பசிக்கிறது என்று முந்தின வாரம்தான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். வாய் கொப்பளித்துவிட்டு, துப்பட்டாவால் மூக்கை மூடியபடி அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அமுங்கிப்போயிருந்த அதன் டிக் டிக் சத்தம் மரத்தடிவரைக்கும் லேசாகக் கேட்டது.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நாளையில இருந்து நான் வரலக்கா. இந்தப் பொகை வயித்துல இருக்கறதுக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

போன தடவை மூன்றாம் மாதமே அவளுக்குத் தங்காமல் போயிருந்தது. ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மேஜையில் இருவரும் தரப் பரிசோதனை பார்க்கிறோம். அந்த நாட்களில் அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதை விட்டால் ஷேர் ஆட்டோதான். அதில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் நல்ல உடம்புக்காரிக்கே இடுப்பு கழன்றுவிடும். அதனால்தான் அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கூட்டிப்போய், விஷப்புகையில் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்று அவள் மிச்ச தூரத்தை நடந்தே வந்தாள். நான் அவள் கூடவே காரை உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் ஆரன் அடித்தார்கள்.

நாலு குழாய்

இந்தக் காரைப் பற்றி இதுவரை இந்தத் தொடரில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் வீட்டில் சண்டை வரும் என்பதுதான். வந்தால் வரட்டும்.

என் வீட்டுக்காரர் குமரேசன் வேறொரு கம்பெனியில் கியர்பாக்ஸ் பூட்டும் லைனில் இருக்கிறார். கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள், பெங்களூரில் ஒரு பையனிடம் பழைய கார் ஒன்று வருகிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போனார். பார்த்துவிட்டு வரவில்லை, ஓட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. யாரோ டிராக்டரில் வருகிறார்கள் என்று நினைத்து நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் என்னவென்றால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வாயில் கம்பெனிக்காரர்கள் வைத்த வார்ப்பிரும்புக் குழாயை அந்தப் பெங்களூர்ப் பையன் கழற்றிப் போட்டுவிட்டான். அதற்குப் பதிலாக ஹெடர் என்று ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். நாலு எஃகுக் குழாய்கள் வளைந்து நெளிந்து வந்து கீழே ஒன்றாகச் சேரும். இதனால் வண்டி வேகமாகப் போகுமாம். ஓசூரில் எந்தச் சாலையில் வேகமாகப் போவது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் பானெட்டைத் துடைத்தார்.

ஹெடரின் தலைப்பில் தட்டையான இரும்புப் பட்டை ஒன்று உண்டு. பிளாஞ்ச் என்போம். அதை இன்ஜின்மேல் வைத்து, நடுவில் கசியாமலிருக்க கேஸ்கெட் கொடுத்து, நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த இடுக்கில் எங்கேயோ புகை கசிய ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுக்கும்போது டிக் டிக் என்று பலமாகக் கேட்கும். சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் கொஞ்சம் அடங்கும். ஆனால் புகை அடங்காது. ஏசி காற்று வரும் வழியாகவே அதுவும் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும்.

ஜன்னலைத் திறந்தால் ஜல்லி லாரிகளின் புழுதி. மூடினால் புகை. கம்பெனிக்குப் போய்ச் சேரும்போதே எனக்கு நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிடும். தலைவலி மாத்திரை என் கைப்பையில் சீப்போடு கிடந்தது.

இதைச் சொன்னால் வீட்டில் ஒரே பதில்தான். "எனக்கு ஒண்ணும் வரல சுமதி. ஹெடர் போட்ட வண்டின்னா சத்தம் அப்டிதான் இருக்கும்."

நான் வாசனையைப் பற்றிக் கேட்டால் அவர் சத்தத்தைப் பற்றிப் பதில் சொல்வார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று மட்டும் நினைத்தேன்.

ஊரெல்லாம் நிபுணர்கள்

எங்கள் ஊரில் கார் கெட்டுப்போவதைப் போல ஒரு தலைவேதனை கிடையாது. மெக்கானிக் கிடைக்காமல் இல்லை. எல்லோரும் மெக்கானிக் என்பதுதான் பிரச்சினை. எங்கள் தெருவில் ஒருவர் தன் கம்பெனியில் பிரேக் செய்கிறார். ஒருவர் ஆரன் செய்கிறார். எதிர்வீட்டுக்காரர் கதவுக் கைப்பிடி மட்டும் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு துண்டு காரைக் கரைத்துக் குடித்தவர்கள். முழு காரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். கியர்பாக்ஸின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும்போது ஆயில் கசியாமல் இருக்க ஒரு கறுப்பு சிலிக்கான் பேஸ்ட் போடுவார்கள். அவர் உலகத்தில் கசிவு என்றால் அந்த பேஸ்ட்தான் மருந்து. கடையில் ஒரு டியூப் வாங்கி வந்து, ஹெடர் பிளாஞ்சைச் சுற்றிக் கேக்குக்கு கிரீம் வைப்பதுபோல வைத்தார். எங்க லைன்ல இதுதான் போடறம், ஒரு சொட்டு வெளிய வராது என்றார்.

கியர்பாக்ஸ் சூடு வேறு, ஹெடர் சூடு வேறு. வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் பேஸ்ட் கருகிப் பொசுங்க ஆரம்பித்தது. ரப்பர் எரியும் நாற்றம் தெருவையே தூக்கியது. நாலு வீடு தள்ளியிருந்து ஒரு அம்மா வெளியே வந்து, யார் வீட்டிலாவது ஒயர் எரிகிறதா என்று கேட்டார். இவர் பானெட்டுக்குள் தலையை விட்டபடி, செட் ஆவுது, செட் ஆவுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அடுத்து மெக்கானிக் மஞ்சுநாத். பாகலூர்க்காரன், பேச்சில் கன்னடமும் தமிழும் கைகோத்துக்கொண்டு வரும். ஒரு கேஸ்கெட் போதாது என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டான். சைலன்சர் பேஸ்ட் என்று சாம்பல் நிறத்தில் எதையோ அதன்மேல் அப்பினான். இதெல்லாம் நிற்குமா என்று கேட்டேன். ஏனூ ஆகல்லக்கா என்று சிரித்தான். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அவன் கடைக்கு வரும் எல்லா வண்டிக்கும் அதே பதில்தான்.

சத்தம் உண்மையிலேயே குறைந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து சோதித்தார். இறங்கி வந்து, சுத்தமா இல்ல, இனிமே உனக்குத் தல வலிக்காது என்றார். நானும் நம்பி, நூர்ஜஹானிடம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அந்த வாரம்தான் அவள் புங்கமரத்தடியில் இறங்கினாள்.

டேக்

தொழிற்பேட்டையில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தரப் பரிசோதனையில் ஒரு பொருள் சரியில்லை என்றால் அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவோம். சிவப்பு டேக். அதைக் கட்டிவிட்டால் மேனேஜரே வந்தாலும் அந்தப் பொருளை நகர்த்த முடியாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். இது எங்கும் சட்டமாக இல்லை. ஆனால் ஓசூரில் யாரும் மீறிப் பார்த்ததில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து டிரெய்னியாக வந்து சேர்ந்த புதிதில், ஒரு தள்ளுவண்டி நிறைய இருந்த சாமானுக்கு நான் சிவப்பு டேக் கட்டினேன். சூப்பர்வைசர் வந்து கத்தினார். அன்றைக்கு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் அவிழ்க்கவில்லை. கடைசியில் லாரி காலியாகத்தான் போனது. அதிலிருந்து எனக்கு ஒரு பெயர் உண்டு. சுமதி மேடம் மேஜைக்குப் போனால் திரும்பி வராது என்பார்கள்.

மஞ்சள் டேக் என்றும் ஒன்று இருக்கிறது. குறை இருக்கிறது, ஆனால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை, இப்படியே பயன்படுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கட்டுவது. டீவியேஷன் என்று பெயர். நான் அந்தக் கையெழுத்தை ஒருநாளும் போட்டதில்லை. ஒன்று சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை.

நூர்ஜஹான் நடந்து வந்த அன்று சாயங்காலம், அட்டையின் அச்சு மாதிரி மாறிப்போனதால் கம்பெனியில் குப்பைக்கு வைத்திருந்த பழைய டேக் கட்டிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து வந்தேன். காரை வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் அதைக் கட்டினேன். குறை என்ற இடத்தில் புகைக் கசிவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இவர் வந்து பார்த்தார். சிரிப்பார் அல்லது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் கடைக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தார். இத்தனை வருடக் கம்பெனி வாழ்க்கை அவர் எலும்பில் ஏறியிருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. இந்த ஹெடர் கருமத்தைக் கழற்றிவிட்டு, பழைய வார்ப்பிரும்புக் குழாயையே போடுங்கள் என்றேன். பெங்களூர் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் என்று மஞ்சுவே சொன்னான். இவர் தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல், அத மட்டும் சொல்லாத என்றார். ஒரு பெண்ணின் வயிற்றுப்பிள்ளையைவிட உங்களுக்கு அந்தச் சத்தம் பெரிதா என்று கேட்டேன். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார். எங்கள் வீட்டில் அப்படி நடப்பது அபூர்வம்.

நூர்ஜஹான் ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தாள். நானும் அவளோடு தொற்றிக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு என் வீட்டுக்காரர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

பால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பாலை வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கருகல் நாற்றம் குளியலறைக்குள் வந்துவிட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. ஈரத்தலையோடு ஓடி வந்தேன்.

பால் பொங்கி, வற்றி, பாத்திரத்தின் அடி கறுப்பாகத் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கைநீட்டம்கூட இல்லாத தூரத்தில் நின்று, போனில் யாரோ ஹெடர் கழற்றும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திட்ட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கருகிய ரப்பர் நினைவுக்கு வந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த சுளிக்காத முகம் நினைவுக்கு வந்தது.

அடுப்பை அணைத்தேன். அலமாரியிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்தேன். ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் காபித்தூள், ஒன்று காலி. கண்ணை மூடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். மூடுங்கள் என்றேன்.

பெருங்காய டப்பாவை மூக்கடியில் பிடித்தேன். கொஞ்சம் யோசித்து, காபி என்றார். காபித்தூளுக்கு மல்லித்தூள் என்றார். காலி டப்பாவைப் பிடித்தபோது நன்றாக இழுத்து மோந்து பார்த்துவிட்டு, பெருங்காயம் என்று உறுதியாகச் சொன்னார்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கொரோனா வந்துச்சே, அதுல போனது. திரும்ப வந்துரும்னு சொன்னாங்க. வரல."

"அப்ப இருந்து எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொதல்ல வந்துரும்னு இருந்தன். அப்புறம் நீ ஆசையா பிரியாணி செஞ்சி எப்டி இருக்குன்னு கேட்ட. நல்லா இருக்குதுன்னுட்டன். அதுக்கப்புறம் எப்பன்னு சொல்றது?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குறை கண்டுபிடிப்பதே இவர் பிழைப்பாக இருந்தது. ரசத்தில் சீரகம் தூக்கல், குழம்பில் வெந்தயம் தீய்ந்துவிட்டது, கீரையில் மண்வாசம். எனக்கே இன்ஸ்பெக்ஷன் பார்ப்பார். கொரோனாவுக்குப் பிறகு எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்று சாப்பிட ஆரம்பித்தார். நோய் வந்து மனிதர் திருந்திவிட்டார், என் கையும் பக்குவப்பட்டுவிட்டது என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமையடித்து வைத்திருந்தேன். அத்தனையும் தண்ணீரில் போனது.

கோபம் வந்தது. அதற்குமேல் வருத்தம் வந்தது. அதைத் தாண்டி மறுபடி கோபமே வந்தது. இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு இந்த மனிதர் காருக்குள் உட்கார்ந்து பாஸ் போட்டிருக்கிறார். அதைக் கேட்டேவிட்டேன். சத்தம் குறைந்ததால் கசிவு நின்றுவிட்டதாக உண்மையிலேயே நம்பினேன் என்றார். பிறகு, அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

அந்த ஹெடர்மேல் அப்படி என்ன என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"எல்லாமே சப்புனு போச்சி சுமதி. சோறு, காபி, லைன்ல அந்த கியர் ஆயில் நாத்தம்கூட இல்ல. இந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணா மட்டும் நெஞ்சு வரைக்கும் அதிருது. அதான்."

தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். பிறகு, ஹெடர் இருக்கட்டும், ஆனால் ஒழுங்காக அடைக்க வேண்டும், இனி நான் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்றேன். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

பீரோ கண்ணாடி

அடுத்த விடுமுறையில் மஞ்சுவை வீட்டுக்கே வரவழைத்தோம். ஹெடரைக் கழற்றினான். அதில் அப்பியிருந்த கறுப்பு, சாம்பல் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு பிளாஞ்சை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். பீரோவிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டேன். கண்ணாடியைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறு கிடையாது. பிளாஞ்சை அதன்மேல் வைத்து, இடுக்கு அளக்கும் பில்லர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக அடியில் விட்டுப் பார்த்தேன். ஓரத்தில் எதுவும் நுழையவில்லை. நடுவில் தடித்த தகடே சுளுவாகப் போய் வந்தது.

பட்டை வளைந்திருக்கிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுப்பகுதி தூக்கிக்கொண்டுவிட்டது. அதன்மேல் இரண்டு கேஸ்கெட் அல்ல, இருபது போட்டாலும் புகை வரத்தான் செய்யும். மஞ்சு குனிந்து பார்த்து, ஹௌதக்கா என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் சிரித்தான். எதற்குத்தான் சிரிக்கமாட்டான் என்று தெரியவில்லை.

அவன் கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துப் பரப்பைச் சமமாகத் தேய்த்து வாங்கினோம். எஃகுத் தகட்டில் செய்த நல்ல கேஸ்கெட், ஒன்றே ஒன்று. நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். மஞ்சு ஓரத்தில் ஆரம்பிக்கப் போன ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்தேன். ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினான்.

எப்போதும் அடுத்தது இவர் உள்ளே உட்கார்ந்து மோந்து பார்க்கும் கட்டம். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மஞ்சுவுக்கு மூக்கு விஷயம் எதுவும் தெரியாது.

மூக்கு வேண்டாத சோதனை ஒன்றை நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். தீபாவளி ஆஃபரில் வாங்கி, பெட்டியிலிருந்து எடுக்காமலே கிடந்த வேக்குவம் கிளீனரைக் கொண்டு வந்தேன். அதைக் காற்று ஊதும் பக்கமாக மாற்றி, குழாயைச் சைலன்சர் வாயில் செருகி, சுற்றி ஈரத்துணியை அடைத்தேன். மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஒரு பெயிண்ட் பிரஷ்ஷையும் இவர் கையில் கொடுத்தேன். எங்கே கசிந்தாலும் குமிழி வரும், பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

பிளாஞ்சில் தடவினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. மஞ்சு ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தான். நானும் நிமிர்ந்துவிட்டேன். இவர் மட்டும் விடவில்லை. வண்டிக்கடியில் முதுகைத் தரையில் தேய்த்தபடி நுழைந்து, நாலு குழாயும் ஒன்றாகச் சேரும் இடம்வரைக்கும் போய்ச் சோப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சுமதி, இங்க பாரு. வெல்டிங்ல மயிரு மாதிரி விரிசல் ஒண்ணு இருக்குது. பொடிப்பொடியா முட்டை விடுது."

எனக்கு அந்த இடத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை. மஞ்சுவுக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே அதையும் வெல்டிங் வைத்து, மறுபடி சோப்புத் தடவிப் பார்த்து, ஒரு குமிழியும் இல்லை என்று அவரே சொன்னார். முகமெல்லாம் சோப்பு நுரையும் துருவுமாக எழுந்து வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. பீரோ கண்ணாடியில் படிந்த கிரீஸ் கறை மட்டும் இன்றுவரை போகவில்லை. தினமும் பொட்டு வைக்கும்போது என் கன்னத்தில் தெரிகிறது.

நூர்ஜஹானின் மூக்கு

மறுநாள் நான் தனியாக, ஜன்னல்களை ஏற்றிவிட்டு, சூளகிரிவரைக்கும் போய்வந்தேன். தலைவலி இல்லை. ஆனாலும் டேக்கை நான் நீக்கிவிடவில்லை, ஓட்டுவதற்காக ஸ்டீயரிங்கிலிருந்து பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக் கம்பிக்கு மாற்றிக் கட்டியிருந்தேன். அதை அவிழ்க்கும் உரிமையை மனதுக்குள் வேறொருத்திக்குக் கொடுத்திருந்தேன். கர்ப்பிணியின் மூக்கை மிஞ்சிய கருவி எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

நூர்ஜஹான் வந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன், இவர் மூக்கைத் தவிர. பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் இன்ஜினை ஓடவிட்டேன். டிக் டிக் இல்லை. கனமான ஒரு உறுமல் மட்டும். இவர் வெளியே நின்று தேர்வு எழுதிய பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூக்கை விரித்தாள். சுளித்தாள்.

"பொகை இல்லக்கா. சத்தியமா இல்ல. ஆனா எங்கயோ கருவாடு இருக்குது."

கருவாடா? முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தது. எப்போதோ காவேரிப்பட்டினம் சந்தையில் இவர் வாங்கி வந்து, வீட்டுக்குள் கொண்டுவர மறந்துபோன கருவாடு. புகை நாற்றத்தில் இத்தனை நாள் அது எனக்கும் தெரியவில்லை, புகை போன பிறகும் என் மூக்குக்கு எட்டவில்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லை. பையைத் தூக்கிப் பிடித்து அவரைப் பார்த்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

நூர்ஜஹான் சிரித்துக்கொண்டே இறங்கி, டேக்கை அவிழ்த்து, இந்தாங்கண்ணா என்று அவரிடமே கொடுத்தாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்க்கா என்று என்னிடம் கேட்டாள். இவர் டேக்கை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பிரசவ விடுப்பு எடுக்கும்வரை அவள் எங்கள் காரில்தான் வந்தாள். மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கூட்டி வந்ததும் அந்தக் கார்தான். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை முழிக்கவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த டேக்கைப் பற்றி. நூர்ஜஹான் அவிழ்த்துக் கொடுத்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆணியிலிருந்து கார் சாவியை எடுக்கப் போனேன். பக்கத்து ஆணியில் இவருடைய கம்பெனி அடையாள அட்டை தொங்கும். அந்தச் சிவப்பு டேக்கை அவர் அதில் கட்டி வைத்திருந்தார். புகைக் கசிவு என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். விளையாட்டுக்குச் செய்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய கட்டிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்து வந்தேன். என் கையெழுத்து இருந்த சிவப்பை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். மஞ்சளில் குறை என்ற இடத்தில், மோப்பம் இல்லை என்று எழுதினேன். முடிவு என்ற இடத்தில், இப்படியே பயன்படுத்தலாம் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் போட்ட ஒரே டீவியேஷன் அதுதான்.

அந்த மஞ்சள் டேக்கோடுதான் மனிதர் இன்றும் வேலைக்குப் போய் வருகிறார். லைனில் எல்லோரும் கேட்கிறார்கள், மானம் போகிறது, கழற்றிவிடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்கிறார்.

நான் இன்னும் அவிழ்க்கவில்லை.